அந்நியரைக் காண்கிறேன்

லண்டனில் தொழிலாளர் கட்சி ஆட்சிக்கு வந்த செய்தி கூடலூருக்கு ஏலக்காய்ப் பெட்டியின் அடியில் வந்தது.

குமுளிக்கு மேலே தேயிலைத் தோட்டத்துத் துரைகள் படித்துக் கழித்த லண்டன் பேப்பர்களைப் பங்களா பட்லர்கள் கட்டுக்கட்டாக விற்பார்கள். ஏலக்காய் வியாபாரி சுயம்புலிங்கம் அவற்றை வாங்கிப் பெட்டிக்கு அடியில் விரிப்பார். விரிப்பதற்கு முன் படிப்பார். பேப்பர் கப்பலில் வந்து, துரை படித்து, பட்லர் பதுக்கி, மலை இறங்குவதற்குள் இரண்டு மூன்று மாதம் ஆகிவிடும். ஆகவே லண்டனில் ஆடியில் நடந்தது கூடலூரில் ஐப்பசியில் நடந்தது.

சுயம்புலிங்கம் மதுரையில் இன்டர்மீடியட் வரை படித்தவர். பேசத் தெரிந்தவர். ஆனால் எந்தக் கட்சியிலும் இல்லை. கதர்க் கட்சியில் சேர்ந்தால் ஜெயிலுக்குப் போக வேண்டும். மற்றக் கட்சிகளுக்குக் கூட்டம் கிடையாது. அன்றைக்கு அந்தப் பேப்பரைப் படித்துவிட்டு ஊர் வியாபாரிகளைத் தன் கிடங்குக்குக் கூப்பிட்டார். நம்மை ஆளுவது லண்டன், லண்டனை ஆளுவது இந்தக் கட்சி, அப்படியென்றால் நாம் இதில் சேர்ந்துவிட்டால் நாம் யார் என்று கேட்டார். வியாபாரிகளுக்குக் கணக்கு உடனே புரிந்தது. ஜெயிலுக்குப் போகாமல், ஓட்டுக் கேட்காமல், மூட்டைமேல் உட்கார்ந்தபடியே ஆளுங்கட்சி ஆகிவிடலாம்.

கட்சியின் கம்பம் பள்ளத்தாக்குக் கிளை அன்று மாலையே உதயமானது. லண்டனுக்கு ஒரு வார்த்தை தெரிவிக்க வேண்டாமா என்று மூக்குப்பொடிக் கடை தங்கபாண்டி கேட்டார். தெரிவித்தால் மறுத்துவிடுவார்கள், தெரியாத ஒன்றை எப்படி மறுக்க முடியும் என்றார் சுயம்புலிங்கம். அவரையே பிரதமராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒரு குறை இருந்தது. தொழிலாளர் கட்சியில் தொழிலாளி என்று ஒருவரும் இல்லை. ரைஸ்மில் கூலிகளில் ஒருவரைச் சேர்க்கலாம் என்று பேச்சு வந்தபோது, மில் சொந்தக்காரர் கருத்தக்கண்ணன், சேர்ந்தவன் மறுநாளே கூலியைக் கூட்டிக் கேட்பான் என்றார். தோட்டத் தொழிலாளி என்றால் சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டி வருவான். யாரிடமும் எதுவும் கேட்காத ஒரு தொழிலாளி வேண்டும். யோசித்துக்கொண்டிருந்தபோது, நல்லகண்ணு வாசலில் வண்டியை நிறுத்தி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்.

நல்லகண்ணுக்குச் சொந்த வண்டி, சொந்தக் காளைகள். கீழேயிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறுவார். மேலேயிருந்து ஏலக்காய் ஏற்றிக்கொண்டு இறங்குவார். காளைகளை அடிக்க மாட்டார். நாக்கை அண்ணத்தில் ஒட்டி ஒரு சொடுக்குச் சொடுக்குவார். அந்தச் சத்தத்துக்கு அவை எந்த ஏற்றமானாலும் ஏறிவிடும். அவரை உள்ளே கூப்பிட்டு, நீ தொழிலாளிதானே என்று கேட்டார்கள். எதிலாவது மாட்டிக்கொண்டோமோ என்று அவர் பயந்தார். கட்சி என்றதும், வேலை கிடக்கிறது என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

அப்போது சுயம்புலிங்கம் சொன்னார்: "மலேயாவை ஆளுறதும் இந்தக் கட்சிதான், நல்லகண்ணு."

நல்லகண்ணு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

அவருடைய ஒரே மகன் முத்துக்கருப்பன் மலேயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போய் எட்டு வருஷம் ஆகியிருந்தது. சண்டை வரும்வரை கடிதாசி வந்தது. ஜப்பான்காரன் வந்தபிறகு ஒன்றும் இல்லை. சண்டை முடிந்தபிறகும் ஒன்றும் இல்லை. போன பிள்ளைகளில் சிலர் திரும்பி வந்தார்கள். வந்தவர்களைக் கேட்டால் தலையை ஆட்டினார்கள். அந்தத் தலையாட்டலில் தெரியும் என்பதும் தெரியாது என்பதும் ஒன்றுபோலவே இருந்தன.

கிளையின் முதல் தீர்மானத்தைச் சுயம்புலிங்கமே முன்மொழிந்தார். நம் கட்சியின் ஒரே தொழிலாளியுடைய குமாரர் முத்துக்கருப்பன் நம் கட்சியின் ஆட்சிக்குட்பட்ட பிரதேசத்தில் உயிரோடு இருக்கிறார் என்று இச்சபை தீர்மானிக்கிறது. எல்லாக் கைகளும் உயர்ந்தன.

நல்லகண்ணு வீட்டுக்குப் போய் மனைவி மூக்கம்மாளிடம் சொன்னார். அவள் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"யாரு பாத்தாக?"

"யாரும் பாக்கல. தீர்மானிச்சிருக்காக."

"எம்புட்டுப் பேரு?"

"அம்புட்டுப் பேருந்தான். ஒருத்தரு கையும் கீழ இல்ல."

மூக்கம்மாள் கையை முந்தானையில் துடைத்தாள். பெரிய மனுஷர்கள், படித்தவர்கள், அத்தனை பேரும் சொன்னால் அதில் ஏதாவது இருக்கத்தானே வேண்டும். அந்தச் சித்திரையில் வீரபாண்டிக் கோயிலில் திருவிழாக் கம்பம் நட்டதும் அவள் நடந்தே போனாள். முல்லையாற்றில் குடம் நிறைய எடுத்து வந்து கௌமாரியம்மன் கம்பத்துக்கு ஊற்றினாள். பிள்ளை வந்து சேர்ந்தால் அடுத்த வருஷம் அக்கினிச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டாள்.

பேப்பரிலிருந்து சுயம்புலிங்கம் தெரிந்துகொண்டவற்றுள் முக்கியமானது, பார்லிமெண்ட் என்றால் எதிர்க்கட்சி வேண்டும் என்பது. கருத்தக்கண்ணன் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். கூரை ஒழுகும் பக்கத்து மூட்டைகள் எதிர்க்கட்சிக்கு ஒதுக்கப்பட்டன. ஏலக்காய் எடைபோடும் மேடையில் சுயம்புலிங்கம் சபாநாயகராகவும் உட்கார்ந்தார். பிரதமராகப் பேச வேண்டியபோது இறங்கி வந்து பேசிவிட்டு மறுபடி ஏறிக்கொள்வார். யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. நல்லகண்ணு தொழிலாளர் மந்திரியாக்கப்பட்டு, கூடலூர் மேற்குக் கௌரவ அங்கத்தினர் ஆனார். அவரை யாராவது அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பின்னால் பார்ப்பார்.

தங்கபாண்டி கொறடா. ஆளுங்கட்சிக்காரர்கள் சரியான நேரத்தில் கை தூக்குகிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. மற்றவர்கள் பிரதமரின் முகத்தைப் பார்த்தே தூக்கிவிட்டார்கள். நல்லகண்ணு எப்போது தூக்குவது என்று தெரியாமல் பேச்சின் நடுவில் தூக்கினார், டீ வந்தபோது தூக்கினார், ஒரு தடவை எதிர்க்கட்சித் தீர்மானத்துக்குத் தூக்கி ஆட்சியை ஆட்டம் காண வைத்தார். தங்கபாண்டி அவரைத் தனியாகக் கூப்பிட்டு, உன் காளைகள் எதற்கு நடக்கின்றன என்று கேட்டார். நல்லகண்ணு நாக்கைச் சொடுக்கிக் காட்டினார். அடுத்த கூட்டத்திலிருந்து தங்கபாண்டி நாக்கைச் சொடுக்கினார். சத்தம் கேட்டதும் நல்லகண்ணுவின் கை தானாக உயர்ந்தது. அதன்பிறகு ஆட்சிக்கு ஆபத்து வரவில்லை.

எதிர்க்கட்சி என்றால் ஆளுங்கட்சி சொன்னதை எதிர்க்க வேண்டும். முத்துக்கருப்பன் தீர்மானம் வருஷா வருஷம் புதுப்பிக்கப்பட வேண்டியது. அது வருவதற்கு முன் கருத்தக்கண்ணன் வண்டியடிக்கு வந்து நல்லகண்ணுவின் தோளில் கை போட்டார்.

"மனசுல வச்சுக்கிராதப்பா. உள்ள செத்துட்டான்னுதான் பேசுவேன். அது மொறை. வெளிய வந்துட்டா ஒம்புள்ள நூறு வருசம் இருக்கணும்."

உள்ளே அவர் நன்றாகப் பேசினார். எட்டு வருஷத்தில் சாவதற்கு உள்ள வழிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். காய்ச்சல், குண்டு, பட்டினி, பாம்பு. பிரதமர் எழுந்து, எதிர்க்கட்சித் தலைவர் ஒரு பிணத்தையாவது சபையின் மேஜைமேல் வைக்கத் தயாரா என்று சவால் விட்டார். ஆளுங்கட்சி மூட்டைகளைத் தட்டி ஆரவாரம் செய்தது. தீர்மானம் பெரும்பான்மையில் நிறைவேறியது. நல்லகண்ணுக்கு வியர்த்துவிட்டது. இருந்தாலும் ஜெயித்துவிட்டோம் என்று மூக்கம்மாளிடம் சொன்னார்.

லண்டனில் நிலக்கரிச் சுரங்கங்களைத் தேச உடைமை ஆக்கப்போவதாகப் பேப்பர் சொன்னது. கூடலூரிலும் எதையாவது ஆக்க வேண்டும். சுயம்புலிங்கம் மேடையிலிருந்து இறங்கி வந்து பேசினார்.

"கௌரவ அங்கத்தினர்களே. கிடங்கு நிற்கிறது. நிற்கிற பொருள் யாரையும் சுரண்டாது. ரைஸ்மில் இரைகிறது. இரைச்சல் சுரண்டல் ஆகாது. நம் சபையில் ஓடுகிற பொருள் வண்டி ஒன்றுதான். ஓடுவது எதுவோ அதுதான் தொழில். தொழில் எதுவோ அது தேசத்துக்குச் சொந்தம். இதில் எனக்கு லாபம் இருக்கிறது என்று யாரும் சொல்லக் கூடாது. லாபம் என்பதையே ஒழிக்கத்தான் நாம் கூடியிருக்கிறோம்."

நாக்குச் சொடுக்கியது. நல்லகண்ணு கை தூக்கினார். வாசலில் நின்ற தன்னுடைய வண்டிதான் அது என்பது அவருக்கு டீ குடிக்கும்போது தெரிந்தது. அன்றிலிருந்து அங்கத்தினர்களின் சரக்கு வாடகையில்லாமல் மலை ஏறி இறங்கியது. பொதுச் சொத்துக்கு வாடகை கேட்பது கௌரவக் குறைவு. காளைகளுக்குத் தீனி போடும் பொறுப்பு மட்டும் தனியாரிடமே விடப்பட்டது.

வண்டியைக் கொடுத்துவிட்டீர்களா என்று மூக்கம்மாள் கேட்டாள். கொடுக்கவில்லை, ஓட்டுவது நான்தான் என்றார். மலேயாவிலிருந்து ஒரு பையனைக் கொண்டுவர முடிந்தவர்கள் கேட்கும்போது ஒரு வண்டியை இல்லை என்று சொல்வதா என்பதை அவர் சொல்லவில்லை. அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

லண்டனில் ரொட்டிக்குப் பங்கீடு வந்தது. அந்தப் பேப்பர் ஐப்பசி மழையில் நனைந்து வந்தது. கூடலூரில் காய்ச்சல்காரர்கள் மட்டும் ரொட்டி தின்பார்கள். கட்சிக் கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறதே, ரொட்டிக்கு இங்கேயும் பங்கீடு வேண்டும் என்றது ஆளுங்கட்சி. காய்ச்சல்காரன் வாயில் அடிக்காதே என்றது எதிர்க்கட்சி. விவாதம் மதியத்தில் தொடங்கி நீண்டது. நல்லகண்ணு முந்தின இரவு முழுக்கத் தேசத்தின் வண்டியில் தங்கபாண்டியின் புகையிலையை மலையேற்றிவிட்டு வந்திருந்தார். முன்வரிசை மூட்டையில் தலைப்பாகையோடு உட்கார்ந்தபடியே தூங்கினார். மாடு நின்றுகொண்டு தூங்குவதுபோல, கண் பாதி திறந்திருந்தது.

அப்போது வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். எலும்பாக இருந்தான். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களிலும் பெரிய பெரிய புண்கள் ஆறிய தழும்பு. துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அய்யா ஒரு சேதி என்று ஆரம்பித்தான்.

கருத்தக்கண்ணன் துள்ளி எழுந்தார். பார்லிமெண்ட் நடைமுறை ஒன்றைப் பேப்பரில் படித்துவிட்டு, அதைப் பிரயோகிக்கும் சந்தர்ப்பத்துக்காக வெகுநாளாகக் காத்திருந்தார் அவர்.

"சபாநாயகர் அவர்களே. அந்நியரைக் காண்கிறேன்."

அங்கத்தினர் அல்லாத ஒருவரைச் சபையில் கண்டால் அவர் வெளியேற வேண்டுமா என்று அந்த நிமிஷமே வாக்கெடுக்க வேண்டும். அதன்மேல் விவாதம் கூடாது. வந்தவர் யார், எதற்கு வந்தார் என்று கேட்பதும் விவாதத்தில் சேரும். சுயம்புலிங்கத்துக்கு உடம்பு சிலிர்த்தது. லண்டன் சபையிலேயே இது அபூர்வமாகத்தான் நடக்கும்.

"அந்நியர் வெளியேறுக என்பது தீர்மானம். ஆதரிப்போர் கை தூக்கலாம்."

தங்கபாண்டி நாக்கைச் சொடுக்கினார்.

முதலில் உயர்ந்தது முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த கை; அது உயர்ந்த பிறகுதான் நல்லகண்ணு கண்ணை முழுதாகத் திறந்தார். வந்தவன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு மற்றக் கைகளையும் பார்த்தான். தழும்புக் கால்களை மெதுவாகத் தூக்கி வைத்துப் படியிறங்கி மழைக்குள் போனான். கிளையின் சரித்திரத்தில் எதிர்க்கட்சியும் ஆளுங்கட்சியும் சேர்ந்து நிறைவேற்றிய தீர்மானம் அது ஒன்றுதான். ரொட்டிக்குத் திரும்பினார்கள்.

பொழுது சாய்ந்து நல்லகண்ணு வீட்டுக்குப் போனபோது மூக்கம்மாள் தெருவில் நின்றாள்.

"அவுகளப் பாத்தீகளா?"

"யார?"

"மலேயாலருந்து வந்தவுக. அல்லிநகரமாம், சுருளியாண்டின்னு பேரு. நம்ம கருப்பனோட ஒண்ணா இருந்தாகளாம். அப்பாகிட்டத்தான் சொல்லணும்னாக. நாந்தான் கெடங்குக்குப் போகச் சொன்னேன்."

கிடங்கிலிருந்து யாரை வெளியேற்றினார்கள் என்பது நல்லகண்ணுக்கு அப்போதுதான் புரிந்தது. பிறகு வலது கையைத் தூக்கிப் பார்த்தார். அந்தக் கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நாந்தான் கையத் தூக்குனேன். நாந்தான் மொதல்ல தூக்குனேன்" என்று சொல்லிக்கொண்டே வண்டியைப் பூட்டினார். பஸ் நிற்குமிடத்தில் விசாரித்தார். கம்பத்தில் விசாரித்தார். உத்தமபாளையம், சின்னமனூர் என்று மழையோடு போய் அல்லிநகரத்துக்கே போனார். சுருளியாண்டியின் அண்ணன், அவன் வீட்டில் தங்கவில்லை என்றார். திரும்பி வந்ததிலிருந்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறான், போன இடத்தில் என்ன சொல்கிறான் என்று எங்களிடம் சொல்வதில்லை என்றார். நல்லகண்ணு இரண்டு நாள் காத்திருந்தார். காளைகள் தீனியில்லாமல் கத்தின. திரும்பினார்.

வீட்டுக்கு வந்து, அவர் மறுபடி இங்கே வந்தாரா என்று கேட்டார். மூக்கம்மாள் பானைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். வரவில்லை என்றாள். நல்லகண்ணு சோறு வேண்டாம் என்று படுத்தார். அந்த வாரம் முழுக்கச் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். கை தூக்கியதைத் தவிர வேறொன்றும் அவர் வாயில் வரவில்லை. மூக்கம்மாள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து, அந்த ஆளைத் தேடித் தரவேண்டும் என்று சொல்லிப் பார்த்தார். சபை முடிவு செய்ததைச் சபையே அதே கூட்டத் தொடரில் மாற்றக் கூடாது என்றார் சுயம்புலிங்கம். கூட்டத் தொடர் எப்போது முடியும் என்று நல்லகண்ணு கேட்டார். ஆட்சி முடியும்போது என்றார். ஆட்சி எப்போது முடியும் என்று கேட்பது ஆளுங்கட்சி மந்திரிக்கு அழகில்லை என்பதால் அவர் உட்கார்ந்துவிட்டார்.

லண்டனில் அந்தக் குளிர்காலத்தில் கரி கிடைக்கவில்லை. விளக்கு எரியவில்லை. ஜனங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள். இது கூடலூருக்குச் சித்திரையில் வந்து சேர்ந்தது. கட்சிக்கு விசுவாசமாகக் கிடங்கின் கதவு ஜன்னல்களைச் சாத்தி, விளக்கை அணைத்து, கம்பளி போர்த்திக்கொண்டு கூட்டம் நடத்தினார்கள். இரண்டு அங்கத்தினர்கள் மயங்கி விழுந்தார்கள். அவர்கள் தியாகிகள் என்று குறிக்கப்பட்டனர். கம்பளிக்குள் வியர்த்து உட்கார்ந்திருந்த நல்லகண்ணுக்கு, வெளியே வீரபாண்டிக்குப் போகிற ஜனங்களின் குலவைச் சத்தம் கேட்டது. கம்பம் நட்டிருந்தார்கள். ஊரே தண்ணீர் ஊற்றப் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போனால் மூக்கம்மாள் உட்கார்ந்து புளி உரித்துக்கொண்டிருந்தாள். போகவில்லையா என்று கேட்டார். கால் வலி என்றாள். அக்கினிச்சட்டியைப் பற்றி அவளும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஆடி அமாவாசைக்கு மட்டும் கால் வலிக்கவில்லை. முந்தானையில் எள்ளும் அரிசியும் முடிந்துகொண்டு சுருளித் தீர்த்தத்துக்குப் போனாள். யாருக்கு என்று கேட்டதற்கு, எங்கப்பனுக்கு, அவருக்கு ஆண்பிள்ளை யார் இருக்கிறது என்றாள். நியாயம்தான் என்று நல்லகண்ணு நினைத்தார். அதற்கு முந்தின வருஷங்களில் மாமனாருக்கு அந்த நியாயம் ஏன் கிடைக்கவில்லை என்று நினைக்கவில்லை.

அந்த ஆடி கடைசியில் சுதந்திரம் வந்தது. கொடுத்தது நம் கட்சிதான் என்று சுயம்புலிங்கம் மிட்டாய் வழங்கினார். வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே தங்கபாண்டி மடியிலிருந்து வெள்ளைக் குல்லாவை எடுத்துத் தலையில் வைத்தார். அது அளவாக இருந்தது. எப்போது தைத்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் மடியிலும் இருந்தது. கொள்கை வேறு, குல்லா வேறு என்று தங்கபாண்டி விளக்கினார். போகும்போது நல்லகண்ணுவின் முதுகில் தட்டிக்கொடுத்தார். அடுத்த கூட்டத்துக்கு வந்தவர்கள் மூன்றே பேர். சபாநாயகரான பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தொழிலாளர் மந்திரி. நாட்டை விட்டுப் போன பிறகும் நம் ஆட்சி இங்கே நடக்குமா என்று கருத்தக்கண்ணன் சந்தேகம் கிளப்பினார். மலேயாவில் இன்னும் நடக்கிறதே என்றார் நல்லகண்ணு. அது ஒன்றே போதும் என்று கிளை தொடர்ந்தது.

லண்டனில் ஜனங்களுக்கு மூக்குக் கண்ணாடியும் பல்செட்டும் இலவசமாகக் கொடுத்தார்கள். கிளையும் கொடுக்க முன்வந்தது. வாங்கிக்கொள்ள நல்லகண்ணு ஒருவர்தான் இருந்தார். அவருக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. பல்லும் கரும்பு கடிக்கிற பல். தொழிலாளிக்குத் தர வேண்டியதை ஆட்சி தரவில்லை என்று கருத்தக்கண்ணன் வெளிநடப்புச் செய்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். ஆட்சியின் மானம் போகிறதே என்று சுயம்புலிங்கம் வருந்தினார். தேனிச் சந்தையில் பல் பிடுங்குகிறவனிடம் நல்லகண்ணுவைக் கூட்டிப்போய், முன்பல் இரண்டை எடுக்க வைத்தார்கள். பல்செட் லண்டனில் தட்டுப்பாடு. அது வரவே இல்லை.

வாயில் துண்டை அமுக்கிக்கொண்டு வந்தவரை மூக்கம்மாள் பார்த்தாள். உப்புத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். கொப்பளித்துத் துப்பிவிட்டு அவர் சொன்னார்: "ஊருக்கெல்லாம் பல்லுக் குடுக்கிறவுக ஒரு புள்ளையக் கண்டுபிடிக்க மாட்டாகளா."

மூக்கம்மாள் வாயைத் திறந்தாள். பிறகு செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

லண்டன் பேப்பரில் ஆளுங்கட்சியின் படம் சிறிதாகிக்கொண்டே வந்தது. பவுன் நோட்டின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள் என்று போட்டிருந்தான். அது கார்த்திகை மழையில் வந்தது. அதற்கு ஈடாகக் கூடலூரில் தொழிலாளர் மந்திரி உதவி மந்திரி ஆக்கப்பட்டார். கருத்தக்கண்ணன் அதை எதிர்க்கக்கூட வரவில்லை. அவருடைய மில் வாசலில் வேறு கொடி பறந்தது. எதிர்க்கட்சி இல்லாமல் நான் யாருக்குப் பதில் சொல்வேன் என்று சுயம்புலிங்கம் தேம்பிவிட்டார். அவருடைய மகனும் கிடங்கைக் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சேர்ந்த கட்சிக்கு ஆபீஸ் வேண்டுமாம்.

ஆகவே அன்றைக்குக் கடைசிக் கூட்டம். மூட்டைகளை எடுத்துவிட்டிருந்தார்கள். சுயம்புலிங்கம் எடைமேடையிலும் நல்லகண்ணு தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். மழை கூரையில் இரைந்தது.

"கூட்டத் தொடர் முடிகிறது. வேறு ஏதாவது உண்டா?" என்று சுயம்புலிங்கம் காலியான கிடங்கைப் பார்த்துக் கேட்டார்.

நல்லகண்ணு எழுந்தார். யாரும் சொடுக்காமல் அவர் எழுந்தது இது இரண்டாவது தடவை.

"அன்னைக்கு வெளிய போகச் சொன்னோமே ஒருத்தர. அவரத் திருப்பிக் கூப்பிடணும், மொதலாளி. தொடர் முடியிறப்பக் கூப்பிடலாம்னு சொன்னீக."

சுயம்புலிங்கம் அவரையே பார்த்தார். மூன்று வருஷமாக இந்த மனுஷன் இதற்காகவா உட்கார்ந்திருந்தான். தீர்மானத்தை வழிமொழிய ஆள் வேண்டும். அவர் மேடையிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, வழிமொழிகிறேன் என்றார். மறுபடி ஏறி, நிறைவேறியது என்றார். பிறகு தானே போய்க் கதவை அகலத் திறந்து, மழையைப் பார்த்து, லண்டனில் எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சத்தமாகச் சொன்னார்.

"அந்நியர் உள்ளே வரலாம்."

தெருவில் யாரும் இல்லை. நல்லகண்ணு வாசலையே பார்த்தார். யாராவது வருவார்கள் என்றுதான் நின்றார்.

கூரைச் சரிவுக்கு அடியில் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மூக்கம்மாள் நின்றிருந்தாள். கூட்டம் முடிந்ததும் அவரைக் கூட்டிப்போக வந்திருந்தாள். அங்கத்தினர் இல்லை என்பதால் அவள் இந்தப் படியில் ஏறியதே இல்லை. இப்போது ஏறினாள். சாக்கை உதறிக் கதவோரம் போட்டாள். எவ்வளவு நேரமாக அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தாளோ.

"அவுக வர மாட்டாக. அன்னைக்கே நம்ம வீட்டுக்குத் திரும்பி வந்தாக" என்றாள். "நீங்க தேடிப் போன பெறகு. எல்லாஞ் சொன்னாக."

நல்லகண்ணு வாசலைவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"சயாமுக்குக் கொண்டுட்டுப் போயிட்டானாம் சப்பான்காரன். தண்டவாளம் போடுறதுக்கு. காட்டுக்குள்ள. மழைல பேதி கண்டுருக்கு. ரெண்டு நாள்தான். மூங்கி வெட்டிப் போட்டு ஆத்தங்கரைல எரிச்சாகளாம். கொள்ளி வச்சது இவுகதானாம். அதச் சொல்லணும்ல, பெத்தவுககிட்ட. நம்ம கருப்பன்கூடச் செத்த அம்புட்டுப் பேரு ஊருக்கும் போய்ச் சொல்றேன்னு சொல்லியிருந்தாகளாம். அதுக்குத்தான் ஊர் ஊராப் போறாக."

"ஏன் சொல்லல நீ?"

"தலப்பாக் கட்டுன ஒருத்தருதான் மொதல்ல கையத் தூக்குனாருன்னு சொன்னாக. அவுகதான் அவன் அப்பான்னு நான் சொல்லல." மூக்கம்மாள் தரையைப் பார்த்தாள். "நீங்க வந்து கையப் பாத்துப் பாத்து அழுதீக. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல."

மழை நிற்கவில்லை. நல்லகண்ணு சுயம்புலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார். பல் போன இடத்தில் காற்று வந்தது.

"உசுரோட இருக்கான்னு தீர்மானம் இருக்கே மொதலாளி."

சுயம்புலிங்கம் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு ஆசைதான். நாலு வருஷமாகப் பேசிப் பழகிய பேச்சைத் தவிர வேறு பேச்சு வாயில் வரவில்லை. தீர்மானம் இருக்கிறது என்றார். அது இருக்கும்வரை உயிரோடு இருப்பதாகத்தான் கணக்கு என்றார். ரத்து செய்தால் கருமாதி செய்யலாம் என்றார். ரத்து செய்ய ஓட்டு வேண்டும். சபாநாயகருக்கு ஓட்டு கிடையாது. ஓட்டு இருப்பது ஒருவருக்குத்தான்.

மேடையில் ஏறி உட்கார்ந்தார்.

"முத்துக்கருப்பன் காலமானார் என்பது தீர்மானம். ஆதரிப்போர் கை தூக்கலாம்."

நல்லகண்ணுவின் கை தொடையோடு ஒட்டிக் கிடந்தது. அதைத் தூக்கச் சொல்லும் ஆள் இப்போது வேறு கட்சியில் வேறு யாருக்கோ சொடுக்கிக்கொண்டிருந்தார். நல்லகண்ணு மூக்கம்மாளைப் பார்த்தார். ஏற்றத்தின் நடுவில் பாரத்தோடு நின்றுவிட்ட காளை திரும்பிப் பார்ப்பதுபோல இருந்தது அது. வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அவள் அந்தப் பார்வையைக் காளைகளிடம் கண்டிருக்கிறாள். அதற்கு அவர் என்ன செய்வார் என்பதையும் கேட்டிருக்கிறாள்.

மூக்கம்மாள் நாக்கை அண்ணத்தில் ஒட்டி, மெல்ல, ஒரே ஒரு சொடுக்குச் சொடுக்கினாள்.

கை உயர்ந்தது.

சுயம்புலிங்கம் நிறைவேறியது என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. கை அப்படியே நின்றது. மூக்கம்மாள் பக்கத்தில் போய் அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள். பிடித்த கையை விடாமல் மழைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். சாக்கு கதவோரமே கிடந்தது.